மிச்சம் பிடித்த ராசி

செம்பியனுக்குக் கெட்ட காலம் எப்போது தொடங்கியது என்றால், எல்லாரும் அவனை ராசிக்காரன் என்று கூப்பிட ஆரம்பித்த அன்றைக்குத்தான். அவனுக்கு அது அப்போது தெரியவில்லை. பாவம், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தான். மனுஷன்தானே.

கடலூருக்குத் தெற்கே சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனி. பெயர் எதற்கு, விடுங்கள். டிப்ளமோ முடித்த கையோடு அங்கே கான்ட்ராக்டில் சேர்ந்தவன், முப்பத்து மூன்று வயதாகியும் கான்ட்ராக்டிலேயே கிடந்தான். கான்ட்ராக்ட் ஆள் என்றால் மஞ்சள் ஹெல்மெட். பர்மனென்ட் ஆள் என்றால் வெள்ளை ஹெல்மெட், கேன்டீனில் தனி வரிசை, வீட்டு முக்கில் வந்து நின்று ஹாரன் அடிக்கிற கம்பெனி பஸ். செம்பியன் சைக்கிளில் போகும்போது அந்த பஸ் அவனைத் தாண்டிப் போகும். அவன் மனைவி ரேகா அதைப் பார்த்து ஒரு நாளும் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. பஸ் வரும் நேரத்துக்குச் சரியாக வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவாள். அது போதாதா?

அந்தக் கம்பெனியில் வயசையும் சர்வீஸையும் பார்த்தெல்லாம் பர்மனென்ட் ஆக்க மாட்டார்கள். அது எச்.ஆர். மேனேஜர் ஞானசேகரனின் கையில் இருந்தது. ஞானசேகரனின் உயிரோ கிரிக்கெட்டில் இருந்தது. மாவட்ட லீக்கில் கம்பெனிக்கு ஒரு டீம் வைத்திருந்தார். ஆடுகிற பையன்களில் அவருக்குப் பிடித்தவனுக்கு வெள்ளை ஹெல்மெட் வரும். "கப்போட வா, ஆர்டரோட போ" என்று செம்பியனிடமும் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள்தான், அதில் குறை சொல்ல முடியாது.

செம்பியன் நல்ல பவுலர். எப்படி நல்ல பவுலர் ஆனான் என்பதுதான் முக்கியம், யாரும் அதைக் கேட்கவே இல்லை. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பின்னால் கெட்டியான ஒரு திடல் உண்டு. ஷிஃப்ட் இல்லாத விடியற்காலைகளில் அங்கே போய், பழைய ஷூ ஒன்றை ஸ்டம்ப் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, அதன் மூக்கில் படுகிற மாதிரி பந்தைப் போட்டுக்கொண்டே இருப்பான். பட்டால் ஷூ எகிறி விழும். போய் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து மறுபடி போடுவான். கால் விரலைக் குறிவைக்கிற அந்த யார்க்கர் பந்து அப்படி வந்ததுதான்.

ஆனால் போன வருஷம் நடந்தது வேறு. மூன்று ஆட்டங்களில் கடைசி ஓவர் அவனுக்கு வந்தது. முதல் ஆட்டத்தில் பந்து நழுவிப்போய் லட்டு மாதிரி புல்டாஸாக விழுந்தது. அடித்தவன் நேராக பவுண்டரியில் நின்றவன் கையில் கொடுத்தான். அடுத்ததில் அகலமாகப் போன பந்தை எட்டி அடிக்கப் போனவன், கால் வழுக்கித் தன் ஸ்டம்பின் மேலேயே உட்கார்ந்தான். மூன்றாவதில் அவன் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது மழை வந்து, ரன் ரேட் கணக்கில் இவர்கள் பக்கமாக ஆட்டத்தையே முடித்து வைத்தது. மூன்றும் ஜெயம். ஞானசேகரன் அவன் வலது கையைப் பிடித்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். "இது ராசிக்கைய்யா" என்றார். மேனேஜர் சொன்னால் அப்புறம் அப்பீல் ஏது? மறுநாள் முதல் செம்பியன் என்கிற பெயர் போய் ராசிக்கை என்றாகிவிட்டது. லாரி லோடு ஏற்றுகிறவர்கள் மாதச் சீட்டுக் குலுக்கலில் முதல் சீட்டை அவன் கையால் எடுக்கச் சொன்னார்கள்.

இந்த வருஷம் லீக்கின் முதல் ஆட்டத்தில் செம்பியன் நடு ஓவரில் வந்து, சொல்லி வைத்த மாதிரி மூன்று யார்க்கர், மூன்று விக்கெட். அவன் வாழ்நாளில் போட்ட நல்ல ஓவர் அது. சுலபமாக ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் கடைசி ஓவரில் நன்றாகத்தான் போட்டான், எதிரில் இருந்தவன் அதைவிட நன்றாக அடித்தான். தோற்றார்கள். ஆட்டம் என்றால் இரண்டும் இருக்கும். அதை ஒத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

கேப்டன் செந்தமிழ்செல்வன், மூன்றாம் பிளான்ட்டின் ஷிஃப்ட் இன்சார்ஜ், அவனைத் தனியே கூப்பிட்டான்.

"மச்சான், தப்பு உன் மேல இல்ல. மொத மேட்ச்ல தேவையே இல்லாத எடத்துல உன் ராசிய செலவு பண்ணிட்டோம். அது ஜாஸ்தி இருக்காது யாருக்கும். சாரும் அதான் சொல்றாரு. இனிமே ஃபைனல் வரைக்கும் நீ பந்தே தொடாத."

"அண்ணே, கை விட்டுப் போயிடும்ணே. நெட்லயாவது போடறேன்."

"நெட்லயும் வேணாம். சும்மா பவுண்டரில நில்லு. ஃபைனல்ல கடைசி ஓவர் உனக்கு. அன்னிக்கு மொத்தத்தயும் எறக்கிடு."

உலகத்தில் எந்த டீமாவது இப்படிச் செய்யுமா? இவர்கள் செய்தார்கள். கேஸ் சிலிண்டரை மூடி வைத்து மிச்சம் பிடிப்பது மாதிரி, ஒரு மனுஷனின் கையை மூடி வைத்தார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் செம்பியன் எல்லைக் கோட்டில் நின்றான். கேட்ச் வந்தால்கூட "நீ வுடு, நீ வுடு" என்று பக்கத்தில் இருப்பவன் ஓடிவந்தான். மற்றவர்கள் தட்டுத் தடுமாறி ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். அதையும் அவன் கணக்கிலேயே எழுதினார்கள்.

ஒரு விடியற்காலை அவனால் தாங்க முடியவில்லை. ஷூவையும் பந்தையும் எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினத்துக்குப் போனான். ஷூவை வைத்தான். ஓடி வந்தான். கையைத் தூக்கினவன் அப்படியே நின்றுவிட்டான்.

ஒருவேளை அவர்கள் சொல்வது நிஜமாக இருந்தால்?

பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் பந்து போட்டு ஃபைனலில் தோற்றால், ஆயுசுக்கும் இந்தக் காலைதான் ஞாபகம் வரும். ரேகா சாத்துகிற கதவு ஞாபகம் வரும். கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். சிப்காட் பக்கமிருந்து வந்த காற்றில் அழுகின முட்டை வாடை அடித்தது. ஒரு பந்துகூடப் போடாமல் ஷூவை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான். மற்றவர்கள் செய்ததைக்கூட மன்னிக்கலாம், இதைத்தான் அவனால் பின்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த வாரம்தான் மூன்றாம் பிளான்ட்டில் வேலை பார்த்த லூர்துசாமி என்கிற பர்மனென்ட் ஆளின் மேல் கொதிக்கிற ஆவி அடித்தது. அங்கே கெட்டில் என்கிற, ரசாயனம் காய்ச்சும் பெரிய கொப்பரையின் மேல் ஒரு வால்வு உண்டு. உள்ளே சூடு ஏறினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விட வேண்டும். அது ஒட்டிக்கொண்டது. கையால் திறக்கப் போன லூர்துசாமிக்கு இடது பக்கம் முழுக்க வெந்துபோனது. அவருடைய இடத்துக்கு யாரும் போகத் தயாராக இல்லை. ஆளுக்கொரு காரணம் சொல்லி ஒதுங்கினார்கள். செம்பியன் கேள்விப்பட்டு வருத்தப்பட்டான். அப்புறம் ஃபைனலைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தான்.

ஃபைனல் சிதம்பரத்தில். எதிர் டீம் பரங்கிப்பேட்டை. அதில் துபாயில் லீக் ஆடிவிட்டு லீவுக்கு வந்திருந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மத்தியானத்திலிருந்தே கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை வராதா என்று செம்பியன் வேண்டாத சாமி இல்லை. அது அங்கேயே நின்று உறுமிக்கொண்டிருந்ததே தவிர, ஒரு சொட்டு விழவில்லை.

கடைசி ஓவர் வந்தது. அவர்களுக்குப் பதினைந்து ரன் வேண்டும். செந்தமிழ்செல்வன் பந்தை இரண்டு கையாலும் கொண்டுவந்து, பிரசாதம் கொடுப்பது போலக் கொடுத்தான். பந்தின் தையல் விரலில் படுவதே செம்பியனுக்குப் புதுசாக இருந்தது. ஓட்டத்தின் அளவு மறந்துவிட்டது. பத்தடி போய் நின்று, இது இல்லையே என்று இன்னும் பின்னால் போனான்.

முதல் பந்து வைடு. அடுத்ததும் வைடு. கை எங்கே போகிறது, பந்து எங்கே போகிறது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அதன் பிறகு ஒரு ஃபோர் போனது. ஒன்றை அடிக்க வந்தவன் தவறவிட்டான். இன்னொன்று மறுபடி ஃபோர். சாமியானாவுக்குக் கீழே ஞானசேகரன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவருக்குத் துளிகூடப் பயம் இல்லை. அதைப் பார்த்துவிட்டு செம்பியன் பந்தைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டே பின்னால் நடந்தான்.

அப்புறம் ஒன்றும் இரண்டுமாக ஓடி, கடைசிப் பந்துக்கு இரண்டு ரன் என்று வந்து நின்றது. யார்க்கர் போட வேண்டும் என்று நினைத்து ஓடினான். பந்து விரலை விட்டுச் சீக்கிரமே நழுவி, இடுப்புக்குக் கீழே அழகாக மிதந்து போனது. துபாய்க்காரன் ஒரு காலை முன்னே வைத்து நேராக விட்டான் ஒரு அடி. பந்து செம்பியனின் முகத்தை நோக்கி வந்தது.

அவன் பிடிக்கப் போகவில்லை. தடுக்கப் போகவில்லை. பயந்து முகத்தைத் திருப்பி, கையைப் பின்னால் இழுத்தான். இழுத்த கையின் நடுவிரல் நகத்தில் பந்து சுளீரென்று உரசி, திசை மாறி, அவனுக்குப் பின்னால் இருந்த ஸ்டம்பைப் பெயர்த்தது. அந்தப் பக்கத்து பேட்ஸ்மேன் அவசரப்பட்டு வெளியே வந்திருந்தான். ரன் அவுட் என்று அம்பயர் விரலைத் தூக்கினார்.

மைதானமே செம்பியன் மேல் விழுந்தது. நகம் பிய்ந்து ரத்தம் ஒழுகுகிற விரலை ஞானசேகரன் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "நான் சொன்னேன்ல" என்றார். தான் கையை இழுத்துக்கொண்டதை அன்று செம்பியன் மூன்று பேரிடம் சொன்னான். தன்னடக்கம் என்று மூன்று பேருமே முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை ஆர்டர் வந்தது. வெள்ளை ஹெல்மெட்டும் வந்தது. பணியிடம் மூன்றாம் பிளான்ட்.

"சார், வேற பிளான்ட்ல எதுனா..."

"இருக்கறது அந்த ஒரு வேகன்சிதான்ப்பா. அதுவுமில்லாம, அங்க ஒரு ராசியான ஆள் இருந்தா நல்லதுன்னு எல்லாருமே நினைக்கிறாங்க." ஞானசேகரன் நல்லவிதமாகத்தான் சொன்னார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ரேகா பாயசம் வைத்திருந்தாள். "எந்த பிளான்ட்டுங்க?" என்று கேட்டாள். "பேக்கிங் பக்கந்தான்" என்று சொல்லிவிட்டு டம்ளரைப் பார்த்துக் குடித்தான். அவளுடைய தம்பி அன்பரசு, "மாமா, இனிமே நீங்க பஸ்ஸுல, உங்க சைக்கிள் எனக்கு" என்று அதன் மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ரேகா சிரித்துச் சிரித்துப் பேசினாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

வேலைக்குப் போகும் முன்னால் லூர்துசாமியைப் பார்க்க ஓ.டி.யில், கடலூர் ஓல்டு டவுனில், இருந்த அவர் வீட்டுக்குப் போனான். மனுஷன் சட்டை போட முடியாமல் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். செம்பியனின் விரல் கட்டைப் பார்த்தார்.

"உன்னையா போட்டிருக்காங்க?"

"ஆமாண்ணே."

"என்னா சொன்னாங்க, ராசியான ஆளுன்னா?"

செம்பியன் கட்டுப் போட்ட விரலை மடக்கிக்கொண்டான்.

"எனக்கும் அதான் சொன்னாங்க. லூர்து இருந்தா அங்க ஒண்ணும் ஆவாதுன்னு. ஆறு வருஷம் ஒண்ணும் ஆவலல்ல, அதனால. அந்த வால்வ மாத்துங்கன்னு எத்தினி தபா கேட்டேன் தெரியுமா? நீதான் இருக்கியேன்னு சிரிப்பாங்க." அவர் வெந்த கையை மடியில் மெதுவாக மாற்றி வைத்துக்கொண்டார். "ராசிக்காரன் ஒருத்தன் இருந்தான்னா, ரிப்பேர் பண்ண மாட்டாங்க தம்பி."

மறுநாள் காலை பஸ் முக்கில் வந்து ஹாரன் அடித்தது. ரேகா கதவைச் சாத்தவில்லை. வாசலிலேயே நின்று, அவன் ஏறி உட்காருகிற வரைக்கும் பார்த்தாள். தெருவில் போகிற நாலு பேரும் பார்க்கட்டும் என்று கையை வேறு ஆட்டினாள்.

மூன்றாம் பிளான்ட் வாசலில் செந்தமிழ்செல்வன் காத்திருந்தான். ஷிஃப்ட் ஆட்கள் இரண்டு பேர் வந்து செம்பியனின் வலது கையைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"அண்ணே, அந்த வால்வு மாத்தியாச்சா?"

"எதுக்கு?" செந்தமிழ்செல்வன் அவன் தோளில் கை போட்டு உள்ளே நடத்திப் போனான். "அதான் உன்னைக் கொண்டாந்துட்டோம்ல மச்சான்."

கெட்டில் சூடேறத் தொடங்கியிருந்தது. செம்பியன் கட்டுப் போட்ட விரலோடு வால்வின் கைப்பிடியைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தான். அது அசையவில்லை.