ரத்தம் கேட்ட ஸ்லைட்

அந்தக் கண்ணாடி ஸ்லைடில் எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன. அவசரத்தில் எழுதியது. ஒரு விநாடிக்கு முன்னால்தான் ரத்தக் காட்டேரி ஒரு பெண்ணின் கழுத்தில் பல்லைப் பதித்திருந்தது. படத்தை அப்படியே நிறுத்திவிட்டு ஸ்லைடைப் போட்டார்கள். மேலே சிங்களம், கீழே தமிழ். பெரியாஸ்பத்திரி பிரசவ வார்டில் ஒரு தாய்க்கு உடனடியாக இரத்தம் தேவை, ஓ பொசிடிவ் உள்ளவர்கள் வரவும் என்று இருந்தது. எழுபதுகளில் பதுளையில் ஓர் அவசரச் செய்தியை நாலு பேருக்குச் சொல்ல வேண்டுமென்றால் தியேட்டரில் ஸ்லைட் போடுவார்கள். புதிதில்லை. ஆனால் இந்தப் படத்துக்கு நடுவில், இந்த இடத்தில் வந்ததால் சனம் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. "அவருக்கே பத்தலியாம்" என்று ஒரு குரல் கிளம்பியது. தியேட்டர் முழுக்கச் சிரித்தது. அந்தக் குரல் என்னுடையது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை ஸ்டோரில் வேலை. கொழுந்தைத் தட்டில் பரப்பிவிட்டு அது வாடும்வரை காத்திருக்க வேண்டும். என் வாழ்க்கையே அந்தத் தட்டில்தான் கிடக்கிறது என்று எரிச்சலாக வரும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்வரை நிற்க வேண்டும். காய்ச்சல் என்றால் மருந்துக்காரர் வரும்வரை நிற்க வேண்டும். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கூரை ஒழுகினால் துரையைப் பார்க்க ஆபீஸ் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்று நின்றே எங்கள் ஆட்களுக்குக் கால் வீங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு வரும் ரத்தக் காட்டேரிப் படங்களில் ஒருத்தனும் நிற்கமாட்டான். அதற்காகத்தான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்குகிற படங்கள் எனக்கு ஆகாது. குதிரை வண்டி பறக்க வேண்டும், கதவு உடைய வேண்டும், கத்தியும் கையுமாகச் சண்டை நடக்க வேண்டும். இங்கிலீஷ் ஒரு வரி புரியாது, புரியவேண்டிய அவசியமும் இல்லை. ரத்தத்தைக் கண்டு பயப்படுகிறவர்களும் இல்லை நாங்கள். மழைக்காலத்தில் மலையேறினால் காலில் பத்து அட்டை தொங்கும், சுண்ணாம்பைத் தடவி உதறிவிட்டுப் போகிற சனம். படத்தில் ரத்தம் உறிஞ்சுகிறவன் யார் என்று பல்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவனை எதால் அடித்தால் சாவான் என்பதும் தெரியும். நேரே போய் அடிக்கலாம். எங்களை உறிஞ்சியவர்களுக்கு அப்படிப் பல் எதுவும் வெளியே தெரிந்ததில்லை. ஆகவே படத்தில் ஒவ்வொரு அடி விழும்போதும் எனக்குக் கைகால் துடிக்கும்.

அன்றைக்கு நான் தியேட்டரில் இருந்திருக்கவே கூடாது. முந்தின நாள் சாயங்காலம் என் அக்காவைத் தோட்டத்து லொறியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். விடிகாலையில் ஆண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் நல்லாயிருப்பதாகச் சொன்னார்கள். மச்சான் மூத்த பிள்ளையைப் பார்க்கவும் துணிமணி எடுக்கவும் தோட்டத்துக்குக் கிளம்பினார். "எங்கயும் போயிராதடா, கூப்பிட்டா நீதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். வராந்தாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். எழுந்தேன், நடந்தேன், திரும்ப உட்கார்ந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. தியேட்டர் பத்து நிமிட நடை. அக்காதான் நல்லாயிருக்கிறாளே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய்விட்டேன்.

ஸ்லைட் போனதும் படம் திரும்ப ஓடியது. எனக்கு முன் வரிசையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் எழுந்து நின்றார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். சரியாக அப்போதுதான் சண்டை தொடங்கியிருந்தது. "நானா, ஒக்காருங்க, மறைக்குது" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். "ரத்தம் கேக்குறாங்களே தம்பி" என்றார், ஏதோ கடையில் சாமான் கேட்கிறார்கள் என்பதுபோல. வரிசையில் இருந்தவர்களின் காலைத் தாண்டித் தாண்டி வெளியே போனார். நான் படத்தைப் பார்த்தேன். கூரையிலிருந்து கூரைக்குத் தாவினார்கள். நல்ல சண்டைதான், ஆனால் எனக்குள் என்னவோ அரித்தது. பிரசவ வார்டு என்றுதானே எழுதியிருந்தது? எத்தனையோ தாய்மார் இருப்பார்கள் என்று மனதைத் தட்டி உட்காரவைத்தேன். அது உட்காரவில்லை. எழுந்து ஓடினேன்.

நர்ஸம்மா என்னைக் கண்டதும் பொரிந்து தள்ளினார். "எங்க போன நீ? ரெண்டு தடவ வெளிய வந்து அக்கா பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு ஆள் இல்ல." பிள்ளை பிறந்து நாலு மணி நேரம் கழித்து அக்காவுக்கு ரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்திருக்கிறது. சொந்தக்காரன் ஒருவனையும் காணாமல்தான் தியேட்டருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போனேன். "குடுக்கிற ஆள் வந்தாச்சு. நீ ஓரமா நில்லு" என்றார். கதவிடுக்கில் பார்த்தேன். கட்டிலில் கையை நீட்டிப் படுத்திருந்தவர் அந்தத் தொப்பிக்கார நானா.

கொஞ்ச நேரத்தில் முழங்கைப் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பாலில்லாத பிளேன்டீ குடித்தார். கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் துணி வெட்டிக் கொடுப்பவர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"ஒங்கட ஆளா உள்ளுக்கு?"

"அக்கா."

"அல்லா லேசாக்குவான்." ஒரு வாய் குடித்துவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "அப்ப நீங்களும் படத்து முடிவு பாக்கல்லயா?"

தலையைக் குனிந்துகொண்டேன். நன்றி என்ற ஒரு வார்த்தை கூட வாயில் வரவில்லை. அவர் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அக்கா கண்ணைத் திறந்து, "யாரோ ரத்தம் குடுத்தாங்களாமே. நீயாடா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்ன பொய். அதை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாழ்க்கையையே கட்டிவிட்டாள். தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில் மச்சான் வீட்டாருக்கு பாஸ்போர்ட் வந்தபோது அக்கா மாட்டேன் என்று நின்றாள். "என் ஒடம்புல ஓடுறது என் தம்பி ரத்தம். அவன விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்." அக்காவுக்காக மச்சானும் தங்கிவிட்டார், அவருடைய தாய் மட்டும் கப்பலேறினார். அங்கே போய்ச் செத்த செய்தி, எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் தபாலில் வந்தது. மச்சான் அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு லயத்து வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதுளைக்குப் போனால் அந்தத் துணிக்கடை வழியாகப் போகாமல் சுற்றிப் போவேன். நானா வாசலில் நின்றால் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுவேன். எனக்கு என்னைப் பிடிக்காமல் போனது அந்த வருடங்களில்தான்.

மச்சான் செத்து இரண்டு வருடமாகிறது. போன மாதம் அக்கா வீட்டில் அவள் பேரன் போனில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தான். அதே காட்டேரிகள், அதே தாவல், சத்தம் மட்டும் கூடுதல். இந்த வயதிலும் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை, கால் தானாக ஆடியது. அக்கா எட்டிப் பார்த்து, "ரத்தம்னா இந்தத் தாத்தாகிட்ட கேளு. எனக்குக் குடுத்த மகராசன்" என்று அவனிடம் பெருமையாகச் சொன்னாள்.

தாங்கவில்லை. பேரனை வெளியே அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வராந்தா, தியேட்டர், சனத்தைச் சிரிக்கவைக்க நான் அடித்த பகிடி, 'ஒக்காருங்க' என்று கத்தியது, எதையும் விடவில்லை. அக்கா அழவில்லை, ஏசவுமில்லை. முழங்கைக்கு உள்பக்கம் ஊசி குத்திய இடத்தைத் தேடுகிறவள்போல் தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுசன் பேரு என்ன?"

"தெரியாதுக்கா. நானான்னுதான்..."

"நாப்பது வருசத்துக்கு மேல எனக்குள்ள ஓடுது. பேரக்கூடக் கேக்கலயாடா நீ?"

துணிக்கடை இப்போது இல்லை என்றேன். அவர் இருந்தாலும் தொண்ணூறைத் தாண்டியிருக்கும் என்றேன். அக்கா நான் சொன்னதைக் காதில் வாங்காமல் எழுந்து உள்ளே போனாள். சேலை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் செருப்பைப் போட்டாள்.

"பதுளைக்கு அடுத்த பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.