மைக்கை மூடாத என் மகள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தணி மலையில் மொட்டை அடிப்பது என் வேலை. "தலைய ஆட்டாதீங்க சாமி" என்பதைத் தவிர வெளியாட்களிடம் பேசக் கூச்சம். வீட்டில் போனில் பயிர் வளர்க்கும் விளையாட்டு ஆடுவேன். கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுதான் பிடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளோடு போனில் ஆடிய முகம் தெரியாத பையன்கள், மைக்கில் பெண் குரல் கேட்டதும் கேலியை ஆரம்பித்தார்கள். "உனக்கு தோசை சுடத்தான் வரும், போ" என்றான் ஒருவன். அடுத்தவன் சொன்னதை எழுத முடியாது.

"அத்த விட்டுட்டு என் வெளையாட்டுக்கு வாம்மா. இங்க யாரும் திட்ட மாட்டாங்க" என்றேன்.

"எனக்கு இதான் நைனா புடிச்சிருக்கு. திட்டறது அவனுங்க. நான் ஏன் போவணும்?"

அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் மைக்கை மூடவில்லை.

போனருகே குனிந்தேன். "சாமி, இது என் பொண்ணு. அப்படிப் பேசாதீங்க." பழக்கத்தில் சாமி என்றே வந்துவிட்டது.

அந்தப் பையன்கள் எல்லோரும் சிரித்தார்கள். "சரிங்க சாமி" என்று ஒருவன் இழுத்தான்.

"அவனுங்களப் போயி சாமின்னு கூப்டுகினு" என்று மகளும் சிரித்துவிட்டு, ஆட்டத்தைத் தொடர்ந்தாள். அவளை நான் மறுபடி என் விளையாட்டுக்குக் கூப்பிடவில்லை.

இப்போதெல்லாம் மலையில் இளவயதுப் பையன் யாராவது என் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்தால், அவன் வாயைத் திறந்து பேசும்வரை எனக்கு மனம் நிலைகொள்வதில்லை. அன்று போனில் கேட்ட குரலாக இருக்குமோ என்று காது தேடுகிறது. கத்தியை மட்டும் நிதானமாகப் பிடித்துக்கொள்கிறேன்.

எழுதியது: ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்.