மூன்றாவது விடை

2004இல் ஷார்ஜா முவைலாவில் என்னுடன் தங்கியிருந்த தங்கை மகன் ஜெபராஜ், கனரக வாகன உரிமத் தேர்வுக்குப் படித்த லட்சணத்தைக் கேளுங்கள். கேள்வியைப் படிக்கவே மாட்டான். எந்தப் படத்துக்கு எத்தனையாவது விடை என்பதை மட்டும் மனப்பாடம் செய்தான். கண்டித்தேன்.

“பாஸானா போதும் மாமா, டூட்டி காத்துக் கெடக்கு.”

பாஸும் ஆகித் தொலைத்தான்.

அடுத்த மாதம் அவன் லாரியில் போனேன். பாலத்துக்கு முன்னால் உயர வரம்புப் பலகை இருந்தது. வேகம் குறையவில்லை.

“அந்தப் போர்டு என்னலே சொல்லுது?”

“அதுக்கு மூணாவது பதில் மாமா.”

“பிரேக்கைப் போடுலே, மடையா!”

பாலத்துக்கு இரண்டடி முன்னால் நின்றோம். ஏற்றியிருந்த சரக்கு பாலத்தின் அடிப்பாகத்தைவிட ஓரடி உயரம்.

இப்போது எவன் லாரியில் ஏறச் சொன்னாலும் ஐந்து பலகைகளுக்குப் பொருள் கேட்கிறேன். நான்கு சொன்னால் பஸ்ஸில் போகிறேன்.