மூன்றாவது துளை

அர்லிஸ் ஹாகெருட் சிரித்தால் பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கையில் தூங்கும் பிள்ளைகூட எழுந்து உட்காரும். பேருந்து ஓட்டுவது அவள்தான். அமெரிக்காவில், வடக்கு மினசோட்டாவின் அந்த ஏரிக்கரை ஊரில் அவள் எங்கே இருக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை; காது இருந்தால் போதும்.

அந்தச் சிரிப்புதான் வினை. கணவன் ஆரினும் அவன் தம்பி டெல்மரும் குளிர்காலம் முழுக்க உறைந்த ஏரியின்மேல் பலகைக் குடிசை போட்டு, பனிக்கட்டியில் துளையிட்டு 'வால்ஐ' என்ற ஏரிமீனைப் பிடிப்பவர்கள். அடியில் தண்ணீர் அத்தனை தெளிவு. மேலே ஒரு பூட்ஸ் உரசினாலும் மீன் ஓடிவிடும் என்பது ஆரினுக்கு வேதவாக்கு. அதனால் இருபத்திரண்டு குளிர்காலமாக அர்லிஸ் கரையிலேயே கிடந்தாள். கொண்டுவந்ததை மாவில் புரட்டிப் பொரித்துக் கொடுத்தாள். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள், ஆனாலும் வலித்தது.

இந்த ஜனவரியில் ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நானும் வர்றேன். இல்லேன்னா இனிமே பச்சையாத் தின்னுங்க."

பொரித்த மீன் இல்லாத குளிர்காலத்தை ஆரின் நினைத்துப் பார்த்தான். "சரி, சனிக்கிழமை வா. இருட்டுற வரைக்கும் மூச்சு விடாம இருந்தா மூணாவது துளை உனக்குத்தான். சத்தம் வந்துச்சு, ஜென்மத்துக்கும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

"யார் மொதல்ல சத்தம் போட்டாலும் வெளியே. உனக்கும் சேத்துத்தான்."

"தவளை தன் வாயால கெடும், அண்ணி," என்றான் டெல்மர்.

சனிக்கிழமை, வெயில் சாயும் நேரம். வால்ஐ மீன் தூண்டிலைக் கடிக்கிற நேரமே அதுதான். மூன்று துளை, கவிழ்த்துப் போட்ட மூன்று வாளி, மூன்று பேர். டெல்மர் தூண்டிலில் கோக்க ஒரு பொடிமீனை எடுத்தான். அது விரலிலிருந்து வழுக்கித் துள்ளி, ஆரினின் காப்பிக் குவளைக்குள் விழுந்தது. துளைநீரில் ஆடும் தூண்டில் மிதப்பையே முறைத்துக்கொண்டிருந்த ஆரின் பார்க்கவில்லை. குவளையை எடுத்து ஒரு மிடறு குடித்தான்.

அர்லிஸ் கையுறையைக் கழற்றி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது. டெல்மர் சுவரைப் பார்த்துக் குலுங்கினான். ஆரின் இன்னொரு மிடறு குடித்தான்.

அப்போதுதான் அவளுடைய மிதப்பு முங்கியது. கையுறையைக் கடித்தபடியே நூலை மளமளவென்று இழுத்தாள். துளை வழியே ஒரு தலை, பளிங்குக் கண், அப்புறம் முழங்கை நீளத்துக்கு உடம்பு! மனைவியின் மீனைப் பார்த்து வாய் பிளந்த ஆரின், மிச்சக் காப்பியை ஒரேயடியாக வாயில் கவிழ்த்துக்கொண்டான். பொடிமீன் உதட்டில் ஒட்டியது.

"ஐயோ! அம்மா!"

ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். அர்லிஸ் கையுறையைத் துப்பினாள். "தவளை தன் வாயால கெடும்!" என்று கத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருடச் சிரிப்பு. குடிசைப் பலகை அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே ஆரினின் மிதப்பு முங்கியது. இரண்டாவது மீன்! தூண்டிலை மறுபடி போட்டதும் மூன்றாவது! டெல்மர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தான்.

"காது கேக்காத மீனுக்காகவா அண்ணியை இத்தனை வருஷம் கரையில நிறுத்தினே?"

ஆரின் உதட்டைத் துடைத்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் துளையைப் பார்த்தே பேசினான்.

"அர்லிஸ்... தப்புத்தான். நீ சிரிச்சுக்கிட்டே இரு."

கேட்டதுதான் தாமதம், அவளுக்குச் சிரிப்பு நின்று அழுகை வந்துவிட்டது. அதுவும் சத்தமாகத்தான் வந்தது. மீன் அதற்கும் கடித்தது.