பஸ்மினாவின் நாலாந் தலைமுறைச் சிப்பு

சாய்ந்தமருதில் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்தை வீடியோப் படம் பிடிப்பவள் பஸ்மினா. எங்கள் ஒழுங்கையில் கடைசிக்கு முந்திய வீடு. அவள் கெமராவோடு உள்ளே வந்த பிறகுதான் பெண்கள் தலைத்துணியைக் கழற்றுவார்கள். அவள் படம் வெட்டி ஒட்டுகிற கொம்பியூட்டர் இன்டர்நெட்டைக் கண்டதே இல்லை. பதினொரு வருடமாக அவளுடைய அறையை விட்டு வெளியே போனதும் இல்லை. வேலை முடிந்தால் பென் டிரைவை மணமகளின் கையிலோ அவளுடைய உம்மாவின் கையிலோதான் கொடுப்பாள். பிறகு கொம்பியூட்டரில் உள்ளதை அவர்கள் கண் முன்னாலேயே அழிப்பாள். நம்பி ஒப்படைத்ததைக் காக்கிற அமானிதம் என்றால் அவளுக்கு அப்படித்தான்.

நப்லாவின் கலியாணப் படத்தில்தான் சோதனை வந்தது. நப்லாவுக்கு மூத்தவள், அவளுடைய ராத்தா, டோஹாவில் இருக்கிறாள், கலியாணத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அங்கே போகிற ஒரு பெண்ணிடம் படத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும். ஆகவே வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முந்தி முடிய வேண்டும். சனிக்கிழமை பஸ்மினா வேலைக்கு உட்கார்ந்தால் படம் ஓட மறுக்கிறது. நப்லா மாலைக்குத் தலையைக் குனிகிறாள், குனிந்தபடியே நிற்கிறாள். அடுத்தாற்போல் பார்த்தால் மாலையோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறாள்.

பஸ்மினாவுடைய புருசனின் தம்பி கல்முனை பஸாரில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிறான். புறம் பேசுவது பாவம், பெயரைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இன்பாஸ் என்று அவனே கடைப் பலகையில் ஓர் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறான். கொழும்பில் ஆறு மாதம் கொம்பியூட்டர்ப் பெட்டி திறக்கப் பழகி வந்தவன். கதைக்கும்போது மட்டும் சிப்பு செய்கிற தொழிற்சாலையே தன்னுடைய வளவுக்குள் இருக்கிற மாதிரிக் கதைப்பான்.

வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மதினி, இது நாலாந் தலமுறச் சிப்பு. இப்ப பதினாலு ஓடுது."

"பதினொரு வருசத்துக்குள்ள பத்துத் தலமுறையா? ஆடுகூட இப்புடிப் பெருகாது."

"சிரிக்காதீங்க. இத மாத்தினா படம் பறக்கும். ஆனா புதுச் சிப்பு இந்த போர்டில இருக்காது, போர்ட மாத்தணும். புது போர்டுக்கு இந்த ரேம் சரிவராது, அதையும் மாத்தணும். பவர் சப்ளையும் தாங்காது."

"அப்ப எண்ட கொம்பியூட்டர்ல என்னதான் மிஞ்சும்?"

"மேல் மூடி மிஞ்சும்."

சன்னல் மாற்ற வந்தவன் வீட்டை இடித்துவிட்டுச் சன்னலைக் கையில் தந்த மாதிரி. அதையும் வெட்கமில்லாமல் சொன்னான்.

"மூணு நாளைக்குக் கடையில உடுங்க" என்றான் அடுத்தாற்போல்.

"படம் இரிக்கிற டிஸ்க்கக் கழத்தி வெச்சிட்டுத் தாறன்."

"அது இல்லாம டெஸ்ட் பண்ண ஏலா மதினி. படத்த ஓட்டிப் பாத்தாத்தானே வேகம் தெரியும்."

"ஆர்ர படத்த?"

அவன் சாவியைக் கையில் சுழற்றினான்.

"உங்கட கடையில நாலு ஆம்புளயள். கண்ண மூடிக்கிட்டா ஓட்டிப் பாப்பாங்க?"

"நாங்க என்ன, வேற வேல இல்லாமலா இரிக்கிறம்?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான். போகும்போது, "பழச வெச்சிக்கிட்டு அழுங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நப்லாவின் உம்மா ஹாஜறா வந்தார்.

"வியாழக்கிழமைக்குக் கிடைக்குமா புள்ள? ஏலாட்டி ஸ்டூடியோவுக்குக் குடுப்பமெண்டு நப்லாட வாப்பா சொல்றார். அங்க ரெண்டு நாளில முடிப்பாங்களாம்."

ஸ்டூடியோவில் இருப்பவர்களும் ஆண்கள்தான். அது ஹாஜறாவுக்கும் தெரியும். அதனால்தான் சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்ஷா அல்லாஹ், முடிச்சித் தாறன் ராத்தா" என்றாள் பஸ்மினா. சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. கொம்பியூட்டரைக் கடைக்குக் கொடுத்தால் படம் முடியும், பெண்களின் நம்பிக்கை போய்விடும். கொடுக்காவிட்டால் படமே ஆண்கள் கைக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை சுபஹு தொழுதுவிட்டு அவள் ஒரு காரியம் செய்தாள். தன் மகள் குர்ஆன் ஓதி முடித்த அன்று பழைய கெமராவில் எடுத்த படத்தை ஓடவிட்டாள். அதே கொம்பியூட்டர், அதே நாலாந் தலைமுறை. படம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடியது. நப்லாவின் படத்தைப் போட்டாள். நின்றது.

அப்படியென்றால் மாறியது சிப்பு அல்ல, கெமரா. அந்தப் புதுக் கெமராவை நோன்புக்கு முந்தி அவளுக்கு விற்றது யார்? இன்பாஸ்தான். "படம் கண்ணாடி மாதிரி இரிக்கும் மதினி" என்று அளவை ஆகப் பெரிதில் அவனே வைத்துக் கொடுத்திருந்தான். பழைய படத்தைவிட நாலு மடங்கு பெரிது. ஹாஜறா வீட்டு டீவிக்கு அந்தப் பெரிய படத்தைக் காட்டவே தெரியாது. டோஹா ராத்தா பார்க்கப்போவது கைபேசியில். யார் கண்ணுக்கும் தெரியாத அழகைச் சுமக்க ஒரு சிப்பு, அதைச் சுமக்க ஒரு போர்டு. கெட்டிக்காரத்தனம் என்று அவன் சொல்வது இதைத்தான்.

பஸ்மினா எல்லாப் படத்துக்கும் சிறிய நகல் எடுக்கக் கொம்பியூட்டரை விட்டுவிட்டு மீன் கழுவப் போனாள். திங்கள் முழுக்கவும் செவ்வாய் நடுப்பகல் லுஹர் தொழுகை வரைக்கும் அது பெருமூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. பிறகு அந்த நகல்களை வைத்து வெட்டி ஒட்டினாள். ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கெமராவின் அளவையும் பழையபடி குறைத்து வைத்தாள்.

இந்தச் சிப்பும் ஒருநாள் மவுத்தாகத்தான் போகிறது. அன்றைக்குப் புதிது வாங்கத்தான் வேண்டும். அதை அவள் மறுக்கவில்லை.

வியாழன் லுஹருக்குப் பிறகு ஹாஜறா வந்து பென் டிரைவை வாங்கி அபாயாவுக்குள் வைத்துக்கொண்டார். பஸ்மினா அழிக்கத் தொடங்கும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். இன்பாஸ் கையில் நீலப் பெட்டியோடு நின்றான்.

"மதினி, எப்புடியும் கேப்பீங்கெண்டு சிப்பு கொண்டாந்திட்டன். கொம்பியூட்டர எடுங்க."

"படம் முடிஞ்சி இன்பாஸ்."

"எதில?"

"நாலாந் தலமுறையில."

"அப்ப இத நான் என்ன செய்ய?"

"கடையில கண்ணாடி அலுமாரி இரிக்கித்தானே, அதுக்குள்ள வை. மினுங்கும்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரப் பார்த்தான். அறைக்குள்ளிருந்து ஹாஜறாவின் குரல் வந்தது.

"வெளிய நில்லு மகன். இன்னும் அழிச்சி முடியல்ல."

புதுச் சிப்போடு வெயிலில் நின்றான்.