ஊசி வேன் வீரமுத்து

மைக்கைத் தட்டி, கேட்கிறதா என்று பார்க்கிறார் வீரமுத்து. ரப்பர்த் தோட்டத்து நாய்கள் ஒன்று விடாமல் குரைத்து, கேட்கிறது என்கின்றன. திருப்தியோடு தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார். "அன்பார்ந்த பெற்றோர்களே! தாய்மார்களே!"

சுகாதார இலாகா வேனை ஓட்டுவதும், பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாளை ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிப்பதும் அவர் வேலை. டுரியான் துங்கால் வட்டாரத்தில் அந்த வேனைக் கண்டால் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். கோயில் தீமிதிக்கு அறிவிப்புச் சொல்லிப் பழகிய வாய். பெம்பான் பக்கத்துத் தோட்டமொன்றில், "குடும்பத்தோடு திரண்டு வந்து அருள் பெறுமாறு" என்று பழக்கதோஷத்தில் முடித்துவிட்டார். அந்தத் தோட்டத்துக் கருப்பாயி தலைமுழுகி, தேங்காய்த் தட்டோடு வந்து வரிசையில் நின்றாள்.

"சாமி எங்கய்யா?"

"மிஸ்ஸி உள்ளதான் இருக்காங்க, போங்க."

அந்தத் தேங்காயை ‘மிஸ்ஸி’ என்று எல்லாரும் கூப்பிடும் தாதி உஷாராணி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்னி அரைத்தாள்.

ஊரைக் கூட்டும் வீரமுத்துவின் குரல் சொந்த வீட்டில்தான் எடுபடவில்லை. மகன் பிரவினுக்கு ஒன்பது மாதம்; தட்டம்மை ஊசி போட வேண்டும். ரெம்பியா பக்கம் தட்டம்மை கண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிற நேரம். அந்த வாரம் பார்த்து, லண்டனிலிருந்து மனைவி அனுசியாவின் அக்கா போன் போட்டாள். ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வருமாம், பேச்சு நின்றுவிடுமாம், அங்கே பேப்பரிலேயே போட்டிருக்கிறதாம்.

"ஏங்க, நெசமா?" என்றாள் அனுசியா.

வீரமுத்து சோற்றுக் கரண்டியை மைக்காக்கி வாயருகே கொண்டுபோனார். "அன்பார்ந்த பெற்றோர்களே! அரசாங்கம் இலவசமாக..."

"நான் ஒரு ஆளுதானே நிக்கிறேன்? பெற்றோர்களேன்னு யார கூப்பிடுறீங்க? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கலா! அதுவரைக்கும் எம்புள்ள மேல ஊசி படாது."

மறுநாள் அவர் தாம் வசிக்கும் தாமான் குடியிருப்புக்கே வேனைக் கொண்டுவந்து, வீட்டு வாசலில் நிறுத்தி, முழுச் சத்தத்தில் அறிவிப்பைத் தொடங்கினார். பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்த அனுசியா, ஜன்னல் வழியாகக் கையை விட்டு மைக்கைப் பிடுங்கினாள்.

"ஊசி போட்டா ஆட்டிசம் வருமா, வராதா?"

தாமான் அதிர்ந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு முனியம்மா, "அதானே! கேட்டா திட்டுவாங்களோன்னு நானும் வாய மூடிக்கிட்டு இருக்கேன்!" என்றாள்.

வீரமுத்து அறிவிப்புத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுந்தாள். மைக்கை வாங்கி அணைத்தார்.

"எனக்குத் தெரியாது, அனு. வா, மிஸ்ஸிகிட்ட கேப்போம்."

"இத நேத்தே சொல்லியிருந்தா என்னா?"

கிளினிக்கில் உஷாராணி ஊசியை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "கேக்க வேண்டியதுதான்க்கா. புள்ளைக்குப் பேச்சு வரல, கூப்பிட்டா திரும்பலன்னு நமக்குத் தெரியவர்றதே இந்த ஊசியெல்லாம் போடுற வயச ஒட்டித்தான். பழி ஊசி மேல விழுந்துடுது. ஆராய்ஞ்சு பாத்தவங்க, ஊசியால வருதுன்னு காணல. ஒரு வாரம் கழிச்சு லேசா காய்ச்சல் அடிக்கலாம், அத மறைக்க மாட்டேன். ஆனா தட்டம்மை கண்டா, மூளைக் காய்ச்சல் வரைக்கும் போகும்."

அனுசியா இன்னும் என்னென்னவோ கேட்டாள். வெளியே வரிசை முனகியது. உஷாராணி எதையும் தள்ளவில்லை.

"சரி, போடுங்க மிஸ்ஸி."

இத்தனை வருடம் ஊசிக்கு ஆள் சேர்த்த வீரமுத்து, ஊசி ஏறுவதை ஒருநாளும் பார்த்ததில்லை. பிள்ளையை மடியில் வைத்திருந்தவருக்கு நெற்றி வியர்த்தது, உதடு வெளுத்தது. அனுசியா ஒரு கையால் பிரவினின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் கணவனின் கண்களைப் பொத்தினாள்.