புகை டெஸ்ட்டில் நாலு ஊரும் பாஸ்

எங்கள் பக்கம் ஒருவர் நல்லவரா என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். ஆபீசர் வருகிற சேதியை அவர் முன்கூட்டியே சொல்வாரா, மாட்டாரா? சொன்னால் தங்கமான மனுசர். சொல்லாவிட்டால் அவர் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார்கூட மிஞ்சிப்போகும்.

தொண்ணூறுகளில் ஆம்பூரில் வளர்ந்த எனக்கு இந்தப் பாடத்தில் தனியாக ஒரு டிகிரி கொடுக்கலாம். மாசு பார்க்கிற அதிகாரியின் ஜீப் வேலூரில் ஸ்டார்ட் ஆனால், அது பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் ஒன்றிரண்டு தோல் டேனரிகளில் மாசக்கணக்காகத் தூங்கிய கழிவுநீர் சுத்திகரிப்பு மோட்டார்கள் எழுந்து ஓட ஆரம்பிக்கும். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் என்றால் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் அன்றைக்கு மட்டும் காய்ச்சல். பிஷப் வருகிறார் என்றால் சர்ச் பெஞ்சுக்கு வார்னிஷ். ஒரு வருஷம் அது காயவே இல்லை. ஆசீர்வாதம் முடிந்தும் பாதி சபை பெஞ்சை விட்டு எழ முடியாமல் உட்கார்ந்திருக்க, இவ்வளவு பக்தியை வேறெங்கும் பார்த்ததில்லை என்று பிஷப் உருகிவிட்டுப் போனார்.

அப்பா தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் ஓடிய அந்த வண்டி எனக்கு மூத்தது, என்னைவிட வாயாடி. பின் படிக்கட்டுப் பக்கம் கண்டக்டர் சீட்டு. அதற்கு நேர் கீழே பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. சைலன்சரிலிருந்து கிளம்புகிற புகை ரோட்டுக்குப் போக வெட்கப்பட்டுக்கொண்டு நேராக அப்பாவிடம் வரும். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பயணி இரக்கப்பட்டு, செருப்பு அடித்தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து ஆணி அடித்துக் கொடுத்தார். வேகத்தடை வரும்போதெல்லாம் அந்தத் தோல் வாயைத் திறந்து ஒரு மடக்கு புகையைத் துப்பும்.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். காலையில் வெள்ளையாகப் போனது கறுப்பாகத் திரும்பியிருக்கும்.

"இதான்டி உங்கப்பனோட எக்ஸ்ரே" என்பார் என்னிடம்.

அப்பா சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும். நான் காலேஜ் முடித்தபோது அவர் ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அதுவரை அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் நெஞ்சு தாங்காது என்று அம்மா தன் வார்டு டாக்டரிடம் கேட்டு வந்து சொல்லியிருந்தார். வேலையை விடுங்கள் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை.

நான் காலேஜ் முடித்துவிட்டு வெட்டியாக இருந்த அந்த வருஷத்தில்தான், இரண்டாயிரங்களின் நடுவில், எங்கள் பக்கத்து நாலு ஊர்கள் ஒன்றாகச் சேர்ந்தன. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், நாலு பேரும் சண்டைக்கு வருவார்கள். பழைய வண்டி ஓட்டும் முதலாளிகளுக்குப் புகை குறைந்த புது பஸ் கொடுக்க அரசாங்கத்தில் ஒரு திட்டமாம். தனித்தனி ஊராகக் கேட்டால் தரமாட்டார்களாம், சேர்ந்து கேட்டால் மொத்தமாக வாங்கித் தருவார்களாம். எதிரும் புதிருமாக இருந்த நாலு ஊர் தலைவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போண்டா சாப்பிட்டார்கள். எனக்கு அந்தக் கூட்டுக்குழுவில் டைப் அடிக்கிற தற்காலிக வேலை. முதல் மூன்று கூட்டங்களும் லெட்டர்பேடில் எந்த ஊர் பெயர் மேலே வரவேண்டும் என்பதிலேயே முடிந்தன. கடைசியில் பெயர்களை வட்டமாக அச்சடித்தார்கள். பார்க்க பனியன் கம்பெனி முத்திரை மாதிரி இருந்தது.

சென்னையிலிருந்து ஓர் இன்ஜினியர் மேடம் வந்தார். ஒல்லி, பேச்சு கம்மி, கையில் புகை அளக்கிற பெட்டி. இப்போது ஓடுகிற பஸ்கள் எவ்வளவு புகை விடுகின்றன என்று அளப்பார். எங்களைப் போலவே இன்னொரு பக்கத்து ஊர்களும் கேட்டிருந்தன. எங்கே புகை ஜாஸ்தியோ அங்கேதான் புது பஸ் முதலில் போகும். எங்களுக்கு வந்தால், சீனியர் என்பதால் அப்பாதான் அதில் முதல் கண்டக்டர். இதை அவருடைய முதலாளியே சொல்லிவிட்டார்.

டெஸ்ட் தேதியை நான்தான் டைப் அடித்தேன். மேலே பெரிதாக 'ரகசியம்' என்று போட்டு அடிக்கோடும் போட்டேன். அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பெற்ற அப்பாவிடம் சொல்லாமல் இருக்க நான் என்ன கல்லா?

"செவ்வாக்கெழம பொகை டெஸ்ட்டுப்பா. யார்ட்டயும் சொல்லிடாத."

"நான் ஏம்மா சொல்லப் போறேன்" என்றார் அப்பா. மெக்கானிக்கிடம் மட்டும் சொன்னார். மீதி மூன்று ஊர்களிலும் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்த குமாஸ்தாக்களுக்கும் அப்பாவோ மச்சானோ இருப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டில் எனக்குத் தலை சுற்றியது. அப்பாவின் பஸ் கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறது. புகை குறைய டீசல் பம்பை இறக்கி வைத்து, ஃபில்டரை மாற்றி, சைலன்சருக்கு வெள்ளி பெயிண்ட் அடித்து, முன்னால் மல்லிகைச் சரம் வேறு. ரொம்ப மோசமான வண்டிகள் எல்லாம் சோளிங்கருக்கு ஸ்பெஷல் போய்விட்டனவாம். அன்றைக்கு அங்கே எந்த விசேஷமும் இல்லை. மேடம் பைப்பை சைலன்சரில் சொருகினார். முள் கொஞ்சம் அசைந்து பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டது. தூரத்திலிருந்து அப்பா என்னைப் பார்த்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாப்பா பண்ணி வெச்சிருக்க? பொகை ஜாஸ்தியா இருந்தாதான் புது பஸ்ஸே."

அப்பாவின் கட்டைவிரல் மெதுவாகக் கீழே இறங்கியது.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? டெஸ்ட்டுன்னா பாஸ் பண்ணணும்னுதான நெனப்பான் மனுசன்."

மெக்கானிக் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, இப்ப பம்ப ஏத்தி உட்டுறட்டா?"

"நீ மூடிக்கினு போடா" என்றார் அப்பா.

அடுத்த வாரக் கூட்டத்தில் மேடம் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "உங்க நாலு ஊர்லயும் பஸ் புகை ஊட்டிக் காத்து மாதிரி இருக்கு. வாழ்த்துகள்."

ஒரு தலைவர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். ஆனால் எந்த ஊர் ஊட்டிக்கு இன்னும் பக்கம் என்று ஒருவர் கேட்டும் வைத்தார்.

"அதனால புது பஸ், கேட்டிருந்த அந்த இன்னொரு பக்கத்துக்குப் போகுது" என்றார் மேடம்.

கை தட்டல் பாதியில் நின்றது. ஒருவர் வாயில் பாதி போண்டா. மூத்த தலைவர் தொண்டையைச் செருமினார். "மேடம், இன்னொரு தபா சான்ஸ் குடுங்க. இந்த தபா சூப்பரா பொகை உட வெக்கிறோம். மண்ணெண்ண கலந்தா ஊரே தெரியாது."

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சரி, கடைசியா இன்னொரு டெஸ்ட் வைக்கிறேன். தேதி சொல்ல மாட்டேன். வண்டியைச் சுத்தம் பண்ணியிருந்தாலும் சரி, அழுக்குப் பண்ணியிருந்தாலும் சரி, கண்டுபிடிச்சா ஃபைலை மூடிடுவேன்."

வெளியே வந்ததும் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "வியாழக்கிழமை காலைல. ஸ்டாப் காட்ட ஆள் வேணும், நீ வா. போன தடவை சேதி எங்கேயிருந்து போச்சுன்னு நான் கேக்கல."

கேட்காமல் விட்டதுதான் கேட்பதைவிட மோசமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "திரும்ப டெஸ்ட்டாமே. எப்பம்மா?"

"தெரியலப்பா."

"சும்மா சொல்லு. மெக்கானிக் ரெடியா கீறான். இந்த தபா கரெக்டா உடுவான், ஜாஸ்தியும் இல்லாம கம்மியும் இல்லாம."

"நெஜமா தெரியலப்பா."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு இருமல் வந்துவிட்டது, எழுந்து வாசலுக்குப் போனார். புதன்கிழமையும் கேட்டார். நானும் அதே பொய்யைச் சொன்னேன். காலேஜ் நாட்களில் எத்தனை தடவை கட் அடித்துவிட்டு அவரிடம் புளுகியிருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. இந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மட்டும் குடித்த டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை, ஹைவே ஸ்டாப். மேடம் பெட்டியை ஒரு காய்கறிப் பைக்குள் வைத்திருந்தார். ஷூ கம்பெனிப் பெண்கள் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். அப்பாவின் பஸ் வந்தது. பஸ் வருவதற்கு முன்னால் புகை வந்தது.

"ஏறும்மா, ஏறு ஏறு, உள்ள போ, படியில நிக்காத" என்று கத்திக்கொண்டிருந்த அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். பிறகு காய்கறிப் பையிலிருந்து எட்டிப் பார்த்த பைப்பைப் பார்த்தார். வாய் வரை கொண்டுபோன விசிலை ஊதவில்லை.

மேடம் அப்பாவுக்கு எதிரே கடைசி சீட்டில் உட்கார்ந்தார். முதல் வேகத்தடையில் தோல் துண்டு வாயைத் திறந்து, மேடத்தின் மஞ்சள் துப்பட்டாவில் தன் கையெழுத்தைப் போட்டது. மேடம் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். அப்பா செருப்புக் காலால் அதை மறைத்தார். அந்த நேரம் பார்த்து இருமல். கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்தினார். அதன் நிறம் ஞாபகம் வந்ததும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"காட்டுங்க" என்றார் மேடம்.

"வாணாம் மேடம். அழுக்கு."

"அதான் வேணும்."

அடுத்த ஸ்டாண்டில் பைப்பைச் சொருகியபோது முள் கடைசிவரை போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அதே வாரத்தில் மற்ற மூன்று ஊர்களிலும் காய்கறிப் பை போய் வந்தது. நாலு ஊர்களும் அழகாக ஃபெயில்.

அப்பா என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே தட்டைப் பார்த்துச் சொன்னார்.

"பஸ்ஸு வரட்டும், வராம போட்டும். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தத் தோலயாவது ஒழுங்கா அடிச்சி வெச்சிருப்பேன். அந்தம்மா துப்பட்டாவப் பாத்தியா நீ?"

"பாத்தேன்ப்பா."

"பெத்த அப்பங்கிட்ட சொல்லல பாரு" என்று அம்மாவிடம் புகார் வைத்தார். அம்மா அவர் தட்டில் இன்னொரு துண்டு கறியைப் போட்டார். தீர்ப்பு அவ்வளவுதான்.

புது பஸ்கள் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. எந்த ஊரில் முதல் மாலை போடுவது என்பதில் மட்டும் ரெண்டு மாசம் போச்சு. ஒருவழியாக அப்பா புது வண்டியில் ஏறிய முதல் நாள், மத்தியான ஷிப்ட் ஆளிடம் டூட்டியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அம்மா வழக்கம்போல சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"ஏங்க" என்றார், முகம் கடுகடுவென்று. "காலைலருந்து டூட்டிக்கிப் போவாம எங்க சுத்திட்டு வர்றீங்க?"